மாட்டின் துரையின் கடைசிப் போத்தல்

குடிக்காதவர் என்ற பெயரை வைத்தே பிழைத்தவர் கதிராமன். திருகோணமலைத் துறைமுகத்தை அடுத்து, கப்பல் அதிகாரிகள் தங்கிப்போகும் விடுதி ஒன்றில் அவர்தான் பட்லர். விஸ்கியும் ஜின்னும் பியரும் அடுக்கிய அறையின் திறப்பு அவருடைய இடுப்பில்தான் தொங்கும். யுத்த காலம். நல்ல போத்தல் ஒன்று கண்ணில் படுவதே பெரும்பாடு. அவருக்கு முன்னிருந்த பட்லர்மார் எல்லாரும் அந்த அறைக்குள்ளேயே விழுந்து எழும்பி வேலையைத் தொலைத்தவர்கள். கதிராமனோ மூடியைக்கூட மோந்து பார்க்கமாட்டார் என்று விடுதி மனேஜர் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிப் பெருமைப்படுவார்.

பிறவியிலேயே அப்படி இருந்தவர் என்று நினைத்துவிட வேண்டாம். வெருகல் பக்கத்தில் இளந்தாரியாகத் திரிந்த காலத்தில், கள்ளுக்கொட்டில் திறக்க முன்னமே போய் வாசலில் குந்தியிருந்த ஆள் அவர். கல்யாணம் முடித்தும் திருந்தவில்லை. ஓர் ஆவணித் திருவிழாவில் சுவாமி வருகிற வழியிலேயே நினைவில்லாமல் விழுந்து கிடந்தார். ஊரார் காலில் பிடித்து இழுத்து ஓரமாகப் போட்ட பிறகுதான் சுவாமி நகர்ந்தது. மனைவி ராசமலர் சத்தம் போடவில்லை, அழவுமில்லை. அடுத்த நாள் காலையில் அவரை ஆற்றில் முழுகவைத்து, ஈரத்துணியோடு முருகன் சந்நிதியில் கொண்டுபோய் நிறுத்தினாள்.

“இனி ஒருக்கா இவர் தொட்டாரெண்டால், என்ட தாலியைக் கழட்டி உன்ட உண்டியல்ல போட்டுடுவன், முருகா. இது சத்தியம்.”

ராசமலர் சொன்னால் சொன்னதுதான். அது கதிராமனுக்கு நன்றாகத் தெரியும். அன்றைக்கு விட்டவர் விட்டவர்தான். பிறகு பட்டணம் வந்து, விடுதியில் வேலைக்குச் சேர்ந்து, பாலையூற்றில் ஒரு வளவும் கிணறுமாகக் குடியிருந்தார்கள். ஒவ்வோர் ஆவணியும் ராசமலர் மூதூர் வழியாக வெருகலுக்குப் போய், புருஷனை மீட்டுத் தந்ததற்காகப் பொங்கிப் படைத்துவிட்டு வருவாள். அயலில் யாராவது குடித்துவிட்டுச் சண்டை பிடித்தால், “என்ட மனுசனைப் பாருங்கோ, அத்தனை போத்தலுக்கு நடுவில நிண்டும் தொடாதவர்” என்று வேலிக்கு மேலால் கேட்கச் சொல்வாள். கதிராமனுக்கு உச்சி குளிர்ந்துவிடும்.

1944ஆம் ஆண்டின் தொடக்கத்தில் பெல்ஜியம் நாட்டுச் சரக்குக் கப்பல் ஒன்று வயிற்றில் ஓட்டையோடு நொண்டி நொண்டித் துறைமுகத்துக்குள் வந்து சேர்ந்தது. அதைத் திருத்தி முடிக்குமட்டும் கப்பலின் தலைமை எஞ்சினியர் விடுதியில் தங்கினார். பெயர் மார்ட்டென்ஸ். விடுதி ஆட்களின் வாயில் ஒரு கிழமைக்குள் மாட்டின் துரை ஆகிவிட்டார். கதை பேச்சுக் குறைந்த மனிதர். அவருடைய ஊர் ஜெர்மன்காரன் கையில். மனைவியும் மகளும் அங்கே. கடிதம் போவதுமில்லை, வருவதுமில்லை. ஊரிலிருந்து கொண்டுவந்ததில் அவருக்கு மிஞ்சியிருந்தது ஒரு மரப்பெட்டி. அதற்குள் வைக்கோல் சுற்றிய ஆறு கறுத்தப் போத்தல்கள்.

முதல் போத்தலை அவர் விறாந்தையில் வைத்துத் திறக்கப்போன பின்னேரம், கதிராமன் வழக்கம்போல ஐஸ் வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடினார். துரை பதறிப்போய்க் கையை விரித்துத் தடுத்தார். பியருக்கு ஐஸ் வேண்டாம் என்ற வெள்ளைக்காரனைக் கதிராமன் அன்றுதான் கண்டார். துரை கழுத்துக் கம்பியை முறுக்கி எடுத்து, தக்கையைத் தட்டாமல் மெல்ல நெம்பி, அடியில் தங்கிய மண்டி கலங்காமல் வாயகன்ற கிளாசில் சரித்து ஊற்றினார். காய்ச்சிய சர்க்கரைப் பாணி போலக் கறுப்பாக இறங்கியது. மேலே பழுப்பு நுரை கட்டியது. உடனே குடிக்காமல் இரண்டு கையாலும் கிளாசைப் பொத்திப் பிடித்துக்கொண்டு, குளிர்காய்கிறவர் மாதிரிச் சும்மா இருந்தார்.

“துரை குடிக்கேல்லையா?” என்று கதிராமன் தன்னுடைய பட்லர் இங்கிலீஷில் கேட்டார்.

துரையின் இங்கிலீஷும் அதே தரம்தான். இரண்டு பேருக்கும் அதனாலேயே நன்றாக விளங்கிற்று. “சூடு கொஞ்சம் ஏறவேண்டும். அப்போதுதான் மணம் வரும்,” என்றார் துரை. “எங்கள் ஊர் மடத்தில் சாமிமார் காய்ச்சுவது இது. நோன்பு நாட்களில் சாப்பாட்டுக்குப் பதிலாக இதைத்தான் குடிப்பார்கள். நீங்களும் ஒரு வாய் பாருங்கள். தனியே குடிக்கிற சாமான் இல்லை இது.”

கதிராமனின் கால் அந்த இடத்தில்தான் வழுக்கியது. மடம், சாமிமார், நோன்பு! அப்படியென்றால் இது கொட்டிலில் விற்கிற கள்ளா? கோயிலில் தருகிற தீர்த்தத்தை யாராவது குடி என்று சொல்வார்களா? ராசமலர் செய்த சத்தியம் கள்ளுக்கும் சாராயத்துக்கும்தானே, பிரசாதத்துக்கு இல்லையே? கெட்டிக்கார அப்புக்காத்து ஒருவரை வைத்திருந்தாலும் இப்படி வாதாடியிருக்கமாட்டார். தீர்ப்பும் கதிராமனே சொல்லி, சின்னக் கிளாசை நீட்டினார்.

“விழுங்கவேண்டாம். நாக்கில் வையுங்கள். பிறகு விழுங்கி, வாயை மூடி, மூக்கால் மூச்சு விடுங்கள்,” என்றார் துரை.

முதலில் கருகிய பனங்கட்டியின் இனிப்பு. அதன் பின்னால் பேரீச்சம்பழமும் உலர்ந்த திராட்சையும். பிறகு அடுப்பில் ஓரம் தீய்ந்த ரொட்டியின் இதமான கசப்பு. எல்லாம் முடிந்தது என்று விழுங்கி மூச்சுவிட்டபோது, எங்கிருந்தோ கராம்பு வாசம் மெல்ல ஏறி வந்து, நெஞ்சுக்குள் சூடாக இறங்கியது. கள்ளை மடக்கு மடக்கென்று வயிற்றுக்குள் ஊற்றியே பழகிய மனிதர். நாக்கு என்ற ஒன்று தனக்கு இருக்கிறது என்று அன்றைக்குத்தான் கண்டுகொண்டார்.

“கராம்பு,” என்றார்.

துரையின் முகம் மலர்ந்துவிட்டது. “அதுதான் இரண்டாவது ருசி! அவசரப்படுகிறவனுக்கு அது வராது,” என்று கதிராமனின் தோளில் தட்டினார்.

அதன் பிறகு மாதத்துக்கு ஒன்றாக ஐந்து போத்தல் முடிந்தது. ஒவ்வொன்றிலும் கதிராமனுக்குச் சின்னக் கிளாஸ் பங்கு இருந்தது. அந்த நாட்களில் வீட்டுக்குப் போக முன் வாய்நிறையக் கராம்பு போட்டுச் சப்புவார். “பல்லுக் குத்து இன்னும் விடேல்லையோ?” என்று ராசமலர் உப்புத் தண்ணீர் காய்ச்சிக் கொடுப்பாள். அதை வாங்கிக் கொப்பளிக்கும்போது கதிராமனுக்கு வெட்கம் பிடுங்கித் தின்னும். பிரசாதம் என்றால் ஏன் ஒளிக்கவேண்டும்? அந்தக் கேள்வியை மட்டும் அவர் தனக்குள் கேட்டதேயில்லை.

கப்பல் திருத்தி முடிந்து, கல்கத்தாப் பக்கம் புறப்படும் நாள் வந்தது. மாட்டின் துரை கடைசிப் போத்தலைக் கொண்டுவந்து கதிராமனின் கையில் கொடுத்தார்.

“எஞ்சின் சூட்டில் இது செத்துவிடும். நீங்கள் வைத்திருங்கள். என்னுடைய ஊர் விடுபட்ட செய்தி வந்ததும் நான் வருவேன். இரண்டு பேருமாகக் குடிப்போம்.”

விடுதியில் வைத்தால் வேறு மாலுமிகள் மோப்பம் பிடித்துவிடுவார்கள் என்று கதிராமன் அதை வீட்டுக்குக் கொண்டுபோனார். துரையின் சாமான், குளிர்ச்சியில் இருக்கவேண்டும் என்று கேட்டதும், ராசமலர் தும்புக் கயிற்றால் தானே ஒரு வலை பின்னிப் போத்தலை அதற்குள் வைத்து, முடிச்சுப் போட்டுக் கிணற்றுக்குள் இறக்கினாள். தன் புருஷனை நம்பி ஒரு வெள்ளைக்காரன் குடிவகையை ஒப்படைத்தது அவளுக்குக் கழுத்தில் மாலை விழுந்த மாதிரி இருந்தது.

ஆவணி வந்தது. ராசமலர் வெருகலுக்குப் போய்விட்டாள். விடுதியில் அந்த ஞாயிற்றுக்கிழமை கதிராமனுக்கு ஓய்வு. மத்தியான வெயில் மண்டையைப் பிளந்தது. தண்ணீர் அள்ளப் போனவர் கயிற்றை இழுத்துப் போத்தலை வெளியே எடுத்தார். சும்மா பார்ப்பதற்குத்தான். வெயிலில் தூக்கிப் பிடித்தபோது அடியில் மண்டி தடிப்பாகத் தெரிந்தது. கள்ளென்றால் ஒரு நாள் தாங்காது. இது நாலு வருஷத்துச் சாமான். புளித்துப் போயிருந்தால்? ஊர் விடுபட்ட நாளில் துரையின் கையில் கெட்டுப்போனதைக் கொடுக்கலாமா? ஒரு சொட்டு ருசி பார்த்து வைப்பது தன்னுடைய கடமை என்று கதிராமனுக்குப் பட்டது. கடமை வந்தால் கை சும்மா இருக்குமா? கம்பியை முறுக்கி எடுத்தார்.

தக்கை வெடித்துக்கொண்டு பறந்தது. வெயிலில் வைத்து ஆட்டிய போத்தல் பொங்கி வழிந்தது. வீணாகாமல் வாயை வைத்தார். அதே நேரம் வேலிக்கு அப்பாலிருந்து, “கதிராமண்ணை, கோடாலி கொஞ்சம் தாறியளோ?” என்று பக்கத்து வளவுச் சின்னப்போடியின் குரல். காலடிச் சத்தம் படலைக்கு வந்துவிட்டது. கதிராமன் கண்ணை மூடிக்கொண்டு, மூச்சு விடாமல், மண்டியோடு சேர்த்து மடமடவென்று விழுங்கினார். வெறும் போத்தலையும் வலையையும் கிணற்றுக்குள் போட்டுவிட்டுக் கோடாலி எடுக்க ஓடினார்.

ராசமலர் திருநீறும் பிரசாதமுமாக வந்து இறங்கியபோது, முடிச்சு அவிழ்ந்து போத்தல் கிணற்றுக்குள் விழுந்துவிட்டது என்று சொன்னார்.

“ஐயோ, நான் போட்ட முடிச்சல்லோ!” என்று அவள் தலையில் கை வைத்தாள். அந்த முகத்தைப் பார்த்தபோதே கதிராமன் செத்துப்போனார். பிறகு அவளே தேறி, “அதுக்கென்ன, தண்ணிக்குள்ள உடையாது. துரை வந்தாப்போல கிணத்தை இறைச்சு எடுத்துக் குடுப்பம். நான் விட்ட பிழைக்கு நீங்கள் தலை குனிய ஏலாது,” என்றாள்.

கதிராமனுக்குத் தூக்கம் போயிற்று. பெல்ஜியம் விடுபட்டதென்று விடுதி றேடியோ சொன்னபோது எல்லாரும் கை தட்டினார்கள். அவருக்குக் கை எழும்பவில்லை. துரையின் கப்பல் வராமலே போனால் என்ன என்று ஒருமுறை நினைத்துவிட்டார். கடலில் ஒரு கப்பல் வராமல் போவதென்றால் என்னவென்று அந்த நாட்களில் துறைமுகத்தில் எல்லாருக்கும் தெரியும். நினைத்த தன்னையே அவருக்கு அருவருத்தது. குசினிக்குள் போய் நெற்றியைச் சுவரில் இடித்துக்கொண்டார்.

மாட்டின் துரை வந்தார். கப்பலைத் துறையில் கட்டியதும் வாயகன்ற இரண்டு கிளாசைத் துணியில் சுற்றிக்கொண்டு, சிறு பிள்ளையைப் போலச் சிரித்தபடி நேரே பாலையூற்றுக்கே வந்துவிட்டார். ராசமலர் கையைப் பிசைந்துகொண்டு தன்னுடைய முடிச்சின் குற்றத்தைச் சொன்னாள். கதிராமன்தான் அதை இங்கிலீஷில் மாற்றிச் சொல்லவேண்டியிருந்தது. துரை கேட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். அப்படியானால் எடுப்போம் என்று சட்டையைக் கழற்றி வேலியில் போட்டார்.

ராசமலர் அயலையே கூட்டிவிட்டாள். சின்னப்போடி துலாவில் நின்றார். துரை வாளியில் நின்றார். ராசமலர் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறைத்த தண்ணீரை வாய்க்காலில் தள்ளினாள். கதிராமனும் இறைத்தார். தண்ணீர் குறையக் குறைய அவர் கிணற்றுக்குள்ளேயே எட்டி எட்டிப் பார்த்தார். அடியில் கிடக்கிற போத்தலில் தக்கை இல்லை, கம்பி இல்லை. அது இவள் கையில் கிடைத்தால் இந்த வருஷமே தாலி வெருகல் உண்டியலுக்குப் போய்விடும்.

முழங்கால் அளவு சேறு தெரிந்ததும், “நான் இறங்கிறன்,” என்று யாரையும் விடாமல் இறங்கினார். காலால் துழாவினார். போத்தல் உடையாமல், வாயைத் திறந்துகொண்டு கிடந்தது. மேலே பார்த்தார். எல்லா முகமும் எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றன. குனிந்து, சேற்றுக்குள் மறைத்தபடியே கிணற்றுக் கல்லில் ஓங்கி அடித்தார். சில்லு ஒன்று பாதத்தை ஆழமாக வெட்டியது. அது வேண்டியதுதான் என்று பட்டது.

“உடைஞ்சுபோய்க் கிடக்கு!” என்று கத்தினார்.

மேலே ஏறியவரைக் கிணற்றுக்கட்டில் இருத்தி, ராசமலர் சேலைத் தலைப்பைக் கிழித்துக் காலைக் கட்டத் தொடங்கினாள். கண்ணெல்லாம் தண்ணீர். துரை, அள்ளிய சேற்றோடு வாளியில் வந்த துண்டுகளுக்குள் கழுத்துப் பகுதியை எடுத்துத் தண்ணீரில் அலசினார். விழுந்து உடைந்த போத்தல் என்றால் கழுத்தில் தக்கை இருக்கவேண்டும். சுற்றிக் கம்பி இருக்கவேண்டும். துரை அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு கதிராமனைப் பார்த்தார். ராசமலர் நிமிர முன் அதைச் சட்டென்று காற்சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

பக்கத்தில் வந்து குந்தி, இங்கிலீஷில், மெல்லிய குரலில் கேட்டார்.

“எப்படி இருந்தது?”

கதிராமன் காலைக் கட்டுகிற ராசமலரின் கையைப் பார்த்தார்.

“எனக்குக் கோபமில்லை. சொல்லுங்கள். நாலு வருஷம் அதை வைத்திருந்தேன். இப்போது அதன் ருசி உங்களிடம் மட்டும்தான் இருக்கிறது. அந்தக் கராம்பு வந்ததா?”

அவர் கேட்டது குற்றம் கண்டுபிடிக்க இல்லை. ஆசையாகக் கேட்டார். ஒரு வாய் கேட்கிறவர் மாதிரிக் கேட்டார். கதிராமன் நாக்கைத் துழாவிப் பார்த்தார். வெயில், பயம், சின்னப்போடியின் குரல், தொண்டையைக் கிழித்துக்கொண்டு இறங்கிய நுரை. வேறொன்றும் அங்கே இல்லை. பழைய போத்தல்களின் ருசியைச் சொல்லிச் சமாளித்திருக்கலாம். அந்தக் கண்ணுக்கு முன்னால் அது மட்டும் முடியவில்லை.

“தெரியாது, துரை. பயத்தில ஒரே மூச்சில விழுங்கிப்போட்டன். ஒண்டும் தெரியேல்லை,” என்றார் இங்கிலீஷிலேயே.

அதுவரை எல்லாவற்றையும் தாங்கிக்கொண்டிருந்த மாட்டின் துரை, அதைக் கேட்டதும் முகத்தை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டார். தோள் குலுங்கியது.

ராசமலர் திடுக்கிட்டு நிமிர்ந்தாள். “ஏன் துரை அழுறார்? என்ன கேட்டவர் உங்களிட்ட?”

கதிராமன் நிலத்தைப் பார்த்தார்.

“கால் நோகுதோ எண்டு கேட்டவர்.”

“ஐயோ பாவம், எவ்வளவு நல்ல மனம்,” என்றாள் ராசமலர். இறுக்கிவிட்டோமோ என்று பயந்து, போட்ட கட்டை அவிழ்த்து, அவருடைய பாதத்தைத் தன் மடியில் தூக்கி வைத்து, மறுபடி மெதுவாகக் கட்டினாள்.