பூஜைச் சாமானில் ஒரு மூடி

சாம்பிராணிப் புகை, பொரி வாசனை, நடுவில் ஒரு நாற்பது வாட் பல்பு... கும்மிடிப்பூண்டியில் எங்கள் பழைய ஷெட்டை நினைத்தால் முதலில் வருவது இதுதான்.

அப்போது கம்பெனி என்றால் மூன்றே பேர். முதலாளி சார், மேரி, நான். செய்தது ஃப்யூவல் செல். ஹைட்ரஜனையும் காற்றையும் கொடுத்தால் கரண்ட் வரும், கீழே தண்ணீர் சொட்டும். என் மாமியார் கடைசிவரை இதை நம்பவில்லை.

பல வருஷம் தட்டுத்தடுமாறி, ஒருவழியாக ஒரு மிஷின் பல்பை எரித்தது. விஜயதசமி அன்று, டவருக்குக் கரண்ட் கொடுக்க இது சரிப்படுமா என்று செல்போன் டவர்காரர்கள் பார்க்க வருவதாக ஏற்பாடு. அவர்களும் வேண்டாம் என்றால் ஷெட்டைக் காலி செய்துவிடலாம் என்று சார் சொல்லியிருந்தார்.

அதற்கு முதல் நாள் ஆயுத பூஜை. சார் திருவள்ளூர் போயிருந்தார். ஹைட்ரஜன் சிலிண்டர் சுவருக்கு வெளியே இருந்த தைரியத்தில், ஓடுகிற மிஷினுக்குச் சந்தனம், குங்குமம் வைத்து, முகத்துக்கு நேராகச் சாம்பிராணி காட்டினேன். பக்தி கொஞ்சம் ஜாஸ்தி எனக்கு. அந்த முகம்தான் மிஷின் காற்றை இழுக்கிற வாய்.

பல்பு மங்கியது... அணைந்தே போனது.

"இன்னாக்கா பண்ணே?" என்றாள் மேரி.

சார் வந்து பார்த்தார். திட்டவில்லை. "உள்ள புகை ஏறியிருக்கும்மா. நல்ல காத்துல ஓடவுட்டா தேறலாம்" என்றார்.

"இந்த இரும்பு கம்பெனிங்க நடுவுல நல்ல காத்துக்கு எங்க சார் போறது? எங்க ஊரு ஏரிக்கரைக்கு தூக்கிக்கினு போலாம்," என்றாள் மேரி.

மிஷினையும் சிலிண்டரையும் மினி டெம்போவில் ஏற்றிப் போனோம். ஏரிக்கரையில் இறக்கி ஓடவிட்டோம். ஆஸ்பத்திரியில் ஆளைப் பார்க்க வந்த மாதிரி மேரியின் ஊரே சுற்றி நின்றது. நான் வேண்டாத சாமி இல்லை. மேரி அவள் பங்குக்கு மாதாவை விடவில்லை.

பொழுது சாய்வதற்குள் பல்பு லேசாகச் சிவந்தது. அப்புறம் பளிச்சென்று எரிந்தது. மறுநாள் ஷெட்டுக்கு வந்த டவர்காரர்கள் பார்த்துவிட்டுக் கிளம்பும்வரை அணையவே இல்லை.

இன்றைக்கு அந்த ஷெட் எங்கள் டூவீலர் ஸ்டாண்ட். பக்கத்திலேயே பெரிய ஃபேக்டரி. ஆயுத பூஜைப் பட்டியல் மட்டும் அப்படியே இருக்கிறது: பொரி, சுண்டல், பூசணிக்காய், மூடி. எல்லா மிஷினுக்கும் வாயை மூடிய பிறகுதான் சாம்பிராணி. புதுசாகச் சேருகிற இன்ஜினியர்களுக்கு மேரி காரணம் சொல்வாள். அவள் சொல்கிற கதையில் வருஷா வருஷம் என் பக்தி ஒரு படி ஏறிக்கொண்டே போகும்.

இந்த வருஷம் கற்பூரம் காட்டும்போது ஏரியா முழுக்கக் கரண்ட் போய்விட்டது. பக்கத்துக் கம்பெனிகளில் ஜெனரேட்டர் தடதடத்தது. எங்கள் சீரியல் பல்புகள் எரிந்துகொண்டே இருந்தன... பின்கட்டில், புகை எட்டாத இடத்தில், எங்கள் மிஷின் ஓடிக்கொண்டிருந்தது.

அன்றைக்கு ஒற்றைப் பல்புக்காக ஒரு ஊரே மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது. இன்றைக்கு அத்தனை பல்புகளையும் யாரும் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. சுண்டலில் மும்முரமாக இருந்தார்கள்.

மேரி என்னைப் பார்த்தாள். எனக்கு அழுகையே வந்துவிட்டது, சந்தோஷத்தில்.