ஒல்லாந்தர் தேசத்தில் கக்கூஸ் தேடி

"தேத்தண்ணிய அரைவாசியோட வைங்கக்கா. ஆம்ஸ்டர்டாமில வழியில ஒண்டுக்குப் போக இடம் கிடைக்காது" என்றாள் என் தங்கை.

நெதர்லாந்தில் ஒரு சிறிய ஊரில் அவள் குடியேறிப் பல வருடங்களாகின்றன. பூக்களைக் கட்டிப் பெட்டிகளில் அடுக்கும் தொழிற்சாலையில் வேலை செய்கிறாள். நான் ஆசிரியத் தொழிலிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, முதல் தடவையாக அவளைப் பார்க்கப் போயிருந்தேன். நகரம் சுற்றிக்காட்ட அன்று லீவு போட்டிருந்தாள்.

நான் கோப்பையை முழுதாகக் குடித்தேன். பிறகு இன்னும் கொஞ்சம் ஊற்றிக்கொண்டேன்.

வீம்புக்குச் செய்தேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அந்த வசனத்தை நான் இளம் வயதிலேயே வேண்டியமட்டும் கேட்டுவிட்டேன். என் முதல் நியமனம் உன்னிச்சைப் பக்கம் ஒரு சின்னப் பள்ளிக்கூடம். களுதாவளையிலிருந்து பஸ் மாறி மாறிப் போக வேண்டும். பள்ளியிலிருந்த ஒரே கக்கூசுக்குக் கதவு இல்லை. ஆண் ஆசிரியர்கள் வயல் வட்டைப் பக்கம் நடந்து போய் வந்தார்கள். பெண்கள் நாங்கள் விடியற்காலையிலிருந்தே தண்ணீர் குடிக்காமல் இருந்து, பின்னேரம் வீட்டுக்குப் போய்க் குடித்தோம். யாரும் கட்டளை போடவில்லை. எங்களுக்கு முன் வந்தவர்கள் அப்படி இருந்தார்கள், நாங்களும் இருந்தோம். கடைசியில் நான் குளிர் காய்ச்சலோடு ஆஸ்பத்திரியில் கிடந்தேன். சிறுநீர்ப் பாதையில் கிருமி.

"தண்ணி குடிக்கிறல்லையா, டீச்சர்?" என்று டொக்டர் கேட்டார்.

குடிப்பதில்லை என்று சொல்லும்போது எனக்கு வந்தது வெட்கமல்ல, கோபம். அந்தக் கட்டிலில் கிடந்தபடியே ஒன்றை முடிவு செய்தேன். இனித் தாகம் எடுத்தால் குடிப்பேன், வந்தால் போவேன். இடம் இல்லையென்றால் அது இடம் வைக்காதவர்களின் வெட்கம். திரும்பிப் போனதும் பள்ளி அதிபரின் விடுதிக் கதவைத் தட்டி, அவர் வீட்டுக் கக்கூசைப் பாவிக்கத் தொடங்கினேன். மற்ற ஆசிரியைகளும் என் பின்னால் வந்தார்கள். அதிபரின் மனைவி பொறுத்துப் பார்த்தாள். அவள் அவரிடம் என்ன சொன்னாளோ தெரியாது, ஒரு கிழமைக்குள் பள்ளிக் கக்கூசுக்குக் கதவு வந்தது.

ஆகவே ஆம்ஸ்டர்டாமுக்கும் நான் வயிறு நிறையக் குடித்துவிட்டே போனேன். பிரஷர் குளிசை வேறு போட்டிருந்தேன். அந்தக் குளிசை சிறுநீரைக் கூட்டும், நேரம் காலம் பார்க்காது.

ரயில் நிலையத்தில் சிரமமில்லை. தங்கை வங்கி அட்டையை இயந்திரத்தில் வைத்தாள், கக்கூசின் கம்பிக் கதவு திறந்தது, போய் வந்தேன். பிறகு கால்வாய்க் கரைகளில் நடந்தோம். ஒடுங்கி உயர்ந்த வீடுகள், கண்ணாடிக் கூரை போட்ட படகுகள், எங்களை இடிப்பதுபோல வரும் சைக்கிள்கள். எல்லாம் அழகுதான். ஒரு பாலத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தபோது எனக்கு மறுபடியும் வந்துவிட்டது.

பாலத்துக்குப் பக்கத்தில் பச்சை நிறத்தில், நத்தை ஓடு போலச் சுருண்ட ஒரு இரும்புத் தட்டி நின்றது. அதன் கீழே யாரோ ஒருவரின் சப்பாத்துக் கால்கள் தெரிந்தன.

"அது என்னது?" என்று கேட்டேன்.

"ஆம்புளைகள் ஒண்டுக்குப் போற இடம்."

"பொம்புளைகளுக்கு?"

அவள் கால்வாயைப் பார்த்தாள். "கடையில கேட்டுத்தான் போகணும்."

சரி, கடையில் கேட்டோம். கோப்பிக் கடைப் பெடியன் வாடிக்கையாளர்களுக்கு மட்டும் என்றான். ஒரு கோப்பி வாங்குவோம் என்றாள் தங்கை. வரிசை வாசலைத் தாண்டி நின்றது. "கோப்பி குடிச்சா இன்னும் கூடத்தான் வரும்" என்றேன். அடுத்து ஒரு நூதனசாலை. உள்ளே போக ரிக்கெற் வேண்டும், அன்றைய ரிக்கெற் முடிந்துவிட்டது. ஒரு தேவாலயம். பூட்டியிருந்தது. இதற்கிடையில் இன்னொரு பாலத்தைக் கடந்தோம். அங்கேயும் ஒரு பச்சைத் தட்டி.

கக்கூஸ் என்ற சொல்லே எங்களுக்கு ஒல்லாந்தர், இதே டச்சுக்காரர், விட்டுப்போனது. மட்டக்களப்பில் கோட்டையையும் பிடித்து ஆண்டுவிட்டு, அந்தச் சொல்லையும் எங்கள் வாயில் வைத்துவிட்டுப் போனார்கள். அவர்களின் தலைநகரில் எனக்கு ஒரு கக்கூஸ் இல்லை.

"இதைப் பிடி" என்று கைப்பையைத் தங்கையிடம் கொடுத்தேன்.

"எங்க போறீங்க?"

"அதுக்குள்ள போய்ப் பாக்கப் போறன்."

"ஐயோ அக்கா, ஆக்கள் பாக்கிறாங்க."

"பாக்கட்டும்."

சீலைக் கொய்யகத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு உள்ளே போனேன். நாற்றம் மூக்கைப் பிளந்தது. நின்றபடி போகிறவனுக்கு மட்டுமே அளவெடுத்துச் செய்த இடம் அது. குந்தினால் தட்டியின் கீழ்வழியாகத் தெரு முழுக்கப் பார்க்கும். வெளியே வந்தேன். முறைக்காகக் காத்து நின்ற ஒரு மனிதர் என்னையும் தட்டியையும் மாறி மாறிப் பார்த்தார். "எங்களுக்கு உதவாது" என்று ஆங்கிலத்தில் அவருக்குச் சொன்னேன். அவர் தலையை ஆட்டிவிட்டு உள்ளே போனார். அவருக்கு உதவியது.

தங்கைக்குக் கண் கலங்கிவிட்டது. "அடக்கிக்கொள்ளுங்கக்கா. ஸ்டேசனுக்குக் கிறுகிப் போவம்."

"ஸ்டேசன் போகுமட்டும் அடக்க ஏலாது. இஞ்ச வா."

தெரு முனையில் ஒரு பெரிய ஹோட்டல். வாசலில் நீளக் கோட்டுப் போட்ட உயரமான காவலாளி நின்றார். நான் நேராகப் போய் நின்றேன்.

"நீங்கள் இங்கே தங்கியிருக்கிறீர்களா, மேடம்?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"இல்லை. எனக்கு டொய்லட் வேண்டும்."

"மன்னிக்கவும். அது விருந்தினர்களுக்கு மட்டும்."

"உங்கள் நகரம் பாலத்துக்குப் பாலம் ஆண்களுக்கு வைத்திருக்கிறது. பெண்களுக்கு எங்கே வைத்திருக்கிறது என்று காட்டுங்கள். அங்கே போகிறேன்."

அவர் தெருவைப் பார்த்தார். வலப்பக்கம் பார்த்தார், இடப்பக்கம் பார்த்தார். காட்ட எதுவும் இருக்கவில்லை. தங்கை என் முழங்கையைப் பிடித்து இழுத்தாள்.

"அக்கா, வாங்க. வெக்கமாயிரிக்கு."

"எனக்கு வெக்கமில்ல. நீ விடு."

வகுப்பில் சத்தம் அடங்கும்வரை நிற்பதுபோலக் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். சண்டை பிடிக்கவில்லை. போகவும் இல்லை. பெட்டிகளோடு வந்த ஒரு குடும்பம் என்னைச் சுற்றிக்கொண்டு உள்ளே போனது. காவலாளி அவர்களுக்குக் கதவைத் திறந்தவர், அதை மூடாமலே பிடித்துக்கொண்டு தணிந்த குரலில் சொன்னார்: "படியால் இறங்கி, இடப்பக்கம்."

உள்ளே பளிங்குத் தரை, சுருட்டி வைத்த வெள்ளைத் துவாய்கள். கக்கூசுக்குள்தான் கழுவத் தண்ணீர் இல்லை. நான் வீட்டிலிருந்து கொண்டுபோன வெறும் போத்தலைக் கைகழுவும் குழாயில் நிரப்பிக்கொண்டு போனேன். பக்கத்தில் முகத்துக்கு மா பூசிக்கொண்டிருந்த ஒரு சீமாட்டி அதைப் பார்த்தாள். நான் மூடியைத் திருகிக்கொண்டே அவளுக்கு "குட் ஆஃப்டர்நூன்" சொன்னேன்.

வெளியே வந்தபோது பக்கத்துக் கதவும் திறந்தது. தங்கை.

"நீ வாசலில நிண்டாய் எண்டெல்லோ நினைச்சன்."

"எனக்கும் காலையில இருந்து வந்துதான் இரிக்கி" என்றாள்.

அவள் அரைக் கோப்பை தேத்தண்ணிகூடக் குடித்திருக்கவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. கால்வாய்ப் படியில் உட்கார்ந்து மீதியைச் சொன்னாள். தொழிற்சாலையில் பூக்கள் ஓடும் இயந்திரப் பட்டியை விட்டு விலகினால் பக்கத்தில் நிற்பவர் அவள் வேலையையும் சேர்த்துச் செய்ய வேண்டும், மேற்பார்வையாளர் முகத்தைச் சுளிப்பார். அதனால் வேலை நாட்களில் மத்தியானம்வரை தண்ணீர் குடிப்பதில்லை. சிறுநீரகத்தில் கல் வந்து ஒருமுறை ஆஸ்பத்திரியிலும் கிடந்திருக்கிறாள்.

"எனக்கு ஒருக்காலும் சொல்லல்லியே."

"இதையெல்லாம் போனில என்னெண்டக்கா சொல்ற?"

மூடி திறக்காத ஒரு புதுத் தண்ணீர்ப் போத்தல் அவள் பையில் இருந்தது. திறந்து அவள் கையில் கொடுத்தேன். குடித்து முடிக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். அவளுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. அதற்குப் பிறகு நாங்கள் படகிலும் ஏறினோம், இன்னும் இரண்டு ஹோட்டல்களிலும் நுழைந்தோம். கடைசி ஹோட்டலில் வாசல் ஆளிடம் கேட்டது அவள்தான், டச்சு மொழியில், என்னைவிடக் கறாராக.

அடுத்த கிழமை வேலையில் பட்டியை விட்டு விலகிப் போனாளாம். மேற்பார்வையாளர் ஏதோ முணுமுணுத்தாராம். "முணுமுணுத்தா அவருக்குத்தான் வாய் நோகும்" என்று சொல்லிவிட்டு மறுநாளும் போனாள். பக்கத்தில் நிற்கும் போலந்துக்காரியும் இப்போது போகிறாளாம்.

நான் ஊருக்கு வந்துவிட்டேன். வாவிக் கரையில் பின்னேரங்களில் நடக்கப் போகும் இடத்தில் கழிப்பறை ஒன்று கட்டி, ஓடு பதித்து, வர்ணமும் பூசி வைத்திருக்கிறார்கள். அதில் பூட்டுத் தொங்கியது. பெண்கள் பிள்ளைகளோடு வந்து, பூட்டைப் பார்த்துவிட்டு, நேரத்தோடு வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தார்கள்.

காவல்காரத் தம்பியிடம் திறப்பைக் கேட்டேன்.

"திறந்தா ஊத்தையாக்கிப் போடுவாங்க, டீச்சர்."

"ஊத்தையானா கழுவ வேணும், மகன். பூட்டி வைக்கிறதுக்கா கட்டினது?"

"மேலிடத்தில கேக்கணும்."

"கேளுங்க. நான் இதில இரிக்கன்."

அவர் தொலைபேசியில் யாருடனோ பேசினார். நான் கழிப்பறை வாசல் படியில் உட்கார்ந்துகொண்டேன். காத்தான்குடிப் பக்கமிருந்து வந்திருந்த ஒரு தாய், மகளைக் கையில் பிடித்தபடி வந்து எனக்குப் பின்னால் நின்றாள். அவளுக்குப் பின்னால் இன்னும் இருவர் வந்தார்கள். வரிசையைப் பார்த்ததும் தம்பி தொலைபேசியைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு திறப்பைக் கொண்டுவந்தார்.

இப்போது பெரும்பாலான நாட்களில் திறந்திருக்கிறது. பூட்டியிருக்கும் நாட்களில் நான் படியில் உட்காருகிறேன்.