பட்டறை வளைவுல ஒரு சிவப்பு வட்டம்

எங்க போத்தனூர்ல மாசாணியம்மாக்கா சந்தேகப்படாத ஆளுன்னு ஒருத்தர் இன்னும் பொறக்கலைங்க. பால்காரர் ஊத்துன பாலை விரல்ல தொட்டுப் பார்க்கும். "இட்லி நல்லாருக்குதுங்க்கா"ன்னு நான் சொன்னா, "ஏன், நேத்து நல்லால்லையா?"ங்கும்.

அக்காவோட இட்லிக்கடை பழைய ரயில் பட்டறையோட வாசல் வளைவுக்கடியில இருக்குது. விக்டோரியா ராணி காலத்துல வெள்ளைக்காரன் கட்டுன பட்டறை, மூடிப் பல வருஷமாச்சு. ஒரு துளி சிமெண்ட் இல்லாம, செங்கலும் சுண்ணாம்புக் காரையுமா இன்னும் கிண்ணுனு நிக்குது. வளைவு போச்சுன்னா அக்கா பொழப்பும் போச்சு.

போன மாசம் பழைய கட்டடங்களை ஆராயற சைத்ராங்கற பொண்ணு வந்துச்சு. செவுத்தைத் தட்டிப் பார்த்துச்சு, வளைவுல சிவப்புப் பெயிண்ட்டுல வட்டம் போட்டுச்சு, தள்ளி நின்னு போட்டோ எடுத்துச்சு. இட்லி தின்னுபோட்டு, வட்டம் எதுக்குன்னு சொல்லாமயே சிரிச்சுட்டே போச்சு.

"சிரிக்கறாளே, இடிக்கப் போறவ"ன்னுச்சு அக்கா. ரோடு அகலம் பண்ணறப்ப சிவப்புக் குறி போட்ட ஊடெல்லாம் தரைமட்டமானதை நாங்க பார்த்தவங்கதானுங்களே! அக்கா அன்னைக்கே மண்ணெண்ணெயும் தேங்காய் நாரும் வச்சுத் தேய் தேய்னு தேய்ச்சு, வட்டத்தை அழிச்சுப்போட்டுச்சு.

நேத்து ஜேசிபி வந்துச்சு. ஓட்டிட்டு வந்த ஜாவித் தம்பி, "சிவப்பு வட்டம் இருந்தா பாரம்பரியக் கட்டடம், தொடக்கூடாதாம். மத்ததெல்லாம் இடிக்கணுங்க"ன்னான்.

அக்கா மூஞ்சி வெளுத்துப்போச்சு. சாமி படத்துக்கிட்ட இருந்த குங்குமத்தைத் தண்ணில கொழைச்சு அவசர அவசரமா வளைவுல வட்டம் போட்டுச்சு. அது செவுரெல்லாம் வழிஞ்சு ஒழுகுச்சு.

"ஏனுங்க்கா, என் கண்ணு முன்னாலயே போடறீங்க?"ன்னான் ஜாவித்.

"முன்னயே இருந்துச்சு கண்ணு. நாந்தான் அழிச்சுப்போட்டேன்."

"காப்பாத்தற குறியை யாராச்சும் அழிப்பாங்களா? கதை விடாதீங்க"ன்னு ஜாவித் அக்காவை மேலயும் கீழயும் பார்த்தான். பால்காரரை அக்கா பார்க்கற அதே பார்வை.

"நம்பு கண்ணு, சத்தியமா"ன்னு அக்கா ஜேசிபி முன்னால உக்காந்துருச்சு. அந்த வாயில 'நம்பு'ங்கற வார்த்தையை நான் கேட்டதே இல்லைங்க.

ஜாவித் மனசு கேக்காம, உத்தரவுக் காகிதத்துல இருந்த நம்பரைப் பார்த்து சைத்ராவுக்குப் போன் போட்டான். அந்தப் பொண்ணு உடனே பழைய போட்டோவை அனுப்புச்சு. வளைவு, பளிச்சுனு சிவப்பு வட்டம், அதுக்குக் கீழ கரண்டியும் கையுமா முறைச்சுட்டு நிக்கற அக்கா. ஜாவித் வண்டியைத் திருப்பிட்டான்.

இன்னைக்குக் காலைல சைத்ரா மறுபடி வட்டம் போட வந்துச்சு. அக்கா பெயிண்ட் டப்பாவை வாங்கி மோந்து பார்த்துட்டு, "இது அழியாதுதானே?"ன்னுச்சு.

"யாரும் அழிக்காம இருந்தா அழியாதுங்க்கா."

அக்கா, அந்தப் பொண்ணு ஏற ஸ்டூலைப் பிடிச்சுக்கிச்சு.