மூன்று கிளை, ஒரு மயக்க நர்ஸ்

ராணுவ மருத்துவமனைகளில் மயக்கப் பிரிவு நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். சமவெளி மருத்துவமனையில் என்னைப் போல் மூன்று பேர் இருப்போம். சர்ஜன் இருக்க மாட்டார். மலை மேல் உள்ள மருத்துவமனையில் சர்ஜன் இருப்பார். நாங்கள் இருக்க மாட்டோம். மேலதிகாரிகளைக் கேட்டால், "ஆன் பேப்பர் ஃபுல் ஸ்ட்ரென்த்" என்பார்கள்; காகிதத்தில் ஆள் குறைவே இருக்காது.

ஓய்வுக்குப் பின் மந்தைவெளியில் வீடு. மயிலாப்பூர், தி.நகர், அடையாறு என மூன்று கிளைகள் கொண்ட தனியார் மருத்துவமனையில் வேலை. மூன்றுக்கும் நான் ஒருத்திதான்.

ஒரு காலை மயிலாப்பூர் தியேட்டரில் பித்தப்பைக் கல் ஆபரேஷன். மேசையில் மீன் விற்கும் மேரி அக்கா. மயக்க மருந்து இன்னும் கொடுக்கவில்லை. ஃபோன் ஸ்பீக்கரில் மேனேஜர் கத்தினார்.

"மேடம், அடையாறுல எமர்ஜென்சி சிசேரியன். மயக்க டாக்டர் இருக்கார், அசிஸ்ட் பண்ணத்தான் ஆள் இல்ல. உடனே போங்க!"

"இங்க யாரு சார் பாத்துக்குவாங்க?"

"டூட்டி ரோஸ்டர்ல ஒரு நர்ஸ் போட்டிருக்கே!"

"அது நான்தான் சார்."

மேரி அக்கா தலையைத் தூக்கினார்.

"இன்னாமா யோசிச்சினு கீற? அங்க புள்ளத்தாச்சி துடிச்சினு கீது. என் கல்லு எங்க ஓடிடப் போவுது? நீ போ!"

சர்ஜனும் தலையசைத்தார். ஆட்டோ பிடித்து ஓடினேன். அந்தப் பெண்ணுக்கு ரத்தப்போக்கு நிற்கவில்லை. முழு மயக்கம் தர வேண்டியிருந்தது. மயக்க டாக்டர் மூச்சுக்குழாய்க்குள் குழாய் இறக்க, வயிற்றில் இருப்பது மேலேறி வராதபடி நான் கழுத்தை அழுத்திப் பிடித்திருந்தேன். குழந்தை அழுதபோதுதான் மணியைப் பார்த்தேன்.

மதியம் திரும்பினேன். அதுவரை தண்ணீர்கூடக் குடிக்காமல் படுத்திருந்த மேரி அக்கா, "இன்னா கொயந்த?" என்றார்.

"பொண்ணு. ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க."

"சரி, எனக்கு ஊசி போடு. பசி உயிரு போவுது."

மறுநாள் கூட்டத்தில் மேனேஜர் பூரித்துப் பேசினார்: "நம்ம சிஸ்டம் எவ்ளோ ஃப்ளெக்ஸிபிள், பாத்தீங்களா! அடுத்து கே.கே. நகர்ல நாலாவது பிராஞ்ச்!"

"அங்க மயக்க நர்ஸ் யாரு சார்?"

எல்லோரும் என்னையே பார்த்தார்கள்.

"இனிமே நான் மயிலாப்பூர் மட்டும்தான் சார். முடியாதுன்னா இப்பவே ரிலீவ் பண்ணிடுங்க."

கிடைக்கவே மாட்டார்கள் என்று அதுவரை சொல்லப்பட்ட நர்ஸ்கள் அந்த மாதமே இரண்டு பேர் கிடைத்தார்கள்.

இளையவர்களே, கூப்பிட்ட இடத்துக்கு ஓடுவது நல்ல குணம்தான். ஆனால் நீங்கள் ஓடி ஓடி அடைக்கும் ஓட்டை, மேலே இருப்பவர் கண்ணுக்கு ஒருநாளும் தெரியாது.