ஒரு மூட்டைச் சுக்கோடு மலையேறிய நூர்ஜஹான்

இப்போது நான் சொல்லப்போகும் கதையை ஒருவரும் நம்பப்போவதில்லை என்று, வலது கையை நெஞ்சில் வைத்து, இடது கையில் சாயா கிளாஸைப் பிடித்துக்கொண்டு, மனப்பூர்வமாக உறுதியளிக்கிறேன். மீறி யாராவது நம்பிவிட்டால் அதற்கு நான் பொறுப்பல்ல.

மகளைக் காட்டு முகாமுக்கு அனுப்ப ஆசை, வசதியில்லை, உதவித்தொகை கிடைக்குமா, எப்படிப் போவது என்று இந்த வலைப்பூவுக்குச் சிலர் எழுதிக் கேட்டிருக்கிறீர்கள். எல்லாருக்கும் சேர்த்து ஒரே பதில், என் அக்கா மகள் நூர்ஜஹானோடு நான் போன பயணம். எண்பதுகளின் தொடக்கம், ஓணம் விடுமுறை. மட்டாஞ்சேரியில் கிளம்பி அடிமாலிக்கு மேலே ஒரு மலைக்குப் போனோம்.

அப்போது நான் பஜார் ரோட்டில் ஒரு சுக்குக் கிடங்கில் தராசுக்குப் பக்கத்தில் நிற்கிற உத்தியோகத்தில் இருந்தேன். சுருக்கமாகச் சொன்னால், உலக வாசனைப் பொருள் வணிகத்தின் தலைமை நீதிபதி. நான் தலையசைக்காமல் லண்டனில் ஒரு ரொட்டியிலும் இஞ்சி விழுந்ததில்லை. நூருவின் அத்தா, அதாவது என் மச்சான், அதே தெருவில் மூட்டை தூக்கினார். நூரு பிரீ டிகிரி படித்துக்கொண்டிருந்தாள். கல்லூரியில் ஓர் இயற்கைக் குழு இருந்தது. அந்தக் குழு மலையில் நடத்திய ஒன்பது நாள் முகாமுக்கு அவளைத் தேர்ந்தெடுத்தார்கள். வரைபடம் பார்த்து வழி கண்டுபிடிப்பது, கூடாரம் போடுவது, கயிறு கட்டி இறங்குவது, பறவையைக் குரலை வைத்தே அடையாளம் காண்பது என்று எல்லாம் சொல்லித் தருவார்கள். கட்டணமும் சாப்பாடும் உதவித்தொகையில் அடக்கம். ஆனால் சாமான்களை அவரவரே கொண்டுவர வேண்டும். கயிறு, மழைக்கு ஒரு விரிப்பு, உள்ளே நுழைந்து படுத்துக்கொள்ளும் கம்பளிப் பை. முந்தின வருஷம் நனைந்த போர்வையில் படுத்த ஒரு பிள்ளைக்கு ஜன்னி கண்டுவிட்டதாம். அதனால் சாமான் சரியில்லை என்றால் மறுநாள் காலையிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

விஷயம் கேட்ட மச்சான் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனார். நூரு ஒன்றும் கேட்கவில்லை. அவள் கேட்காததுதான் எங்களுக்குத் தாங்கவில்லை.

விஷயம், நாங்கள் இக்கா என்று அண்ணன் முறை வைத்துக் கூப்பிடும் தரகர் வாப்புட்டியின் காதுக்குப் போனது. எங்கள் பஜாரில் விலையை வாயால் சொல்லும் வழக்கமில்லை. தரகரும் வியாபாரியும் ஒரு துண்டுக்கடியில் கையைக் கோத்துக்கொள்வார்கள். விரல்தான் பேசும். பக்கத்தில் நிற்பவனுக்கு ஒன்றும் தெரியாது. இக்கா அந்தத் துண்டோடு கடை கடையாக ஏறினார்.

"ஏன் இக்கா, வெளிப்படையாக் கேட்டா என்ன?" என்றேன்.

"எடோ மண்டா, நாளைக்கு நூரு மோளு இந்த வழியில நடக்கணும். யாரு தந்தாங்கன்னு தெரிஞ்சா ஒவ்வொரு கடைக்கும் தலை குனியணும். தெரியலேன்னா நேரா நடக்கலாம்" என்றார்.

எல்லாரும் துண்டுக்கடியில் ஒற்றை விரல் நீட்டினார்களாம். ஒன்று. பிரச்சினை அங்கேதான் ஆரம்பித்தது. எங்கள் பஜாரில் மூட்டைக்குக் குறைந்த 'ஒன்று' கிடையாது. அரைக்கிலோ, முழம் என்பதெல்லாம் அந்தத் தெருவில் கெட்ட வார்த்தை.

கிளம்ப வேண்டிய நாள், விடிவதற்கு முன்பே வீட்டு வாசலில் கப்பலைக் கட்டுகிற கயிறு முழுச்சுருள் ஒன்று கிடந்தது. கிடங்குக் கூரையை மூடுகிற தார்ப்பாய் ஒன்று. சாமான் வைத்துக்கொள்ள, ஏற்றுமதிக்குப் போகிற தேயிலைப் பெட்டி ஒன்று. கூடவே ஒரு மூட்டைச் சுக்கு. கொடுத்த கைகள் எவை என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. கயிற்றுக்கடையே அந்தத் தெருவில் ஐந்தாறு இருந்தது.

"சுக்கு எதுக்கு இக்கா?"

"பிள்ளைக்கு உறங்ஙான் ஒரு சாக்கு வேணும்னல்லே நீ பறஞ்சது? அதுதான் சாக்கு."

"உள்ள சுக்கு இருக்கே!"

"காலிச் சாக்கு தானம் பண்ணுற அளவுக்கு நம்ம பஜார் தரித்திரமாப் போச்சோ?"

மூட்டையைத் தலையில் ஏற்றிக்கொண்டேன். பத்தாயிரம் வழக்குகளில் தீர்ப்பளித்த தலை அது.

காலை ஆறு மணிக்கு மட்டாஞ்சேரிப் படகுத்துறையில் படகு ஏறினோம். ஆளுக்கு முப்பது பைசாவோ என்னவோ. சாமானுக்கு என்ன வாங்குவது என்று படகுக்காரருக்கே தெரியாமல் சும்மா விட்டுவிட்டார். கயிற்றுச்சுருளை ஏற்றியதும் படகு ஒரு பக்கம் சாய்ந்தது. அந்த அலையில் எதிரே இருந்த வெலிங்டன் தீவு இரண்டு அங்குலம் நகர்ந்தது. துறைமுகத்துக்காரர்கள் அதை இன்னும் பழைய இடத்துக்குத் தள்ளிவைக்கவில்லை என்று கேள்வி. எறணாகுளத்தில் இறங்கி, கைவண்டி பிடித்து, மூணாறு பஸ்ஸுக்குப் போனோம்.

கண்டக்டர் எங்களைப் பார்த்தார். சாமானைப் பார்த்தார். "அண்ணாச்சி, பஸ்ஸில ஆளைக் கேத்துவோம். சந்தையைக் கேத்த மாட்டோம்."

"சேட்டா, இந்தப் பிள்ளை மலையில படிக்கப் போகுது" என்றேன்.

"என்ன படிப்பு? மளிகைக்கடையோ?"

நூரு முன்னால் வந்தாள். "காட்டுல வழி தெரியாம நிக்கிறவங்களை வெளிய கொண்டுவர்ற படிப்பு, சேட்டா. நீங்க எப்பவாவது தொலைஞ்சுபோனா நான்தான் வரணும்."

அவர் பஸ் ஏணியில் தானே ஏறி, மேலே கயிற்றுச்சுருளை வாங்கிக்கொண்டார். அடிமாலிவரை ஏறத்தாழ நூறு கிலோமீட்டர். சாமானுக்கு அவர் காசு வாங்கவில்லை. கோதமங்கலம் தாண்டி, நேரியமங்கலம் பாலம் கடந்ததும் ஏற்றம். சாலையோரத்து அருவியில் பஸ் நின்றபோது எல்லாரும் இறங்கிக் கால் நனைத்தார்கள். நான் மட்டும் மேலே ஏறிச் சுக்கு மூட்டைக்குக் காவல் இருந்தேன். அதன் வாசனைக்கு இறங்கிவந்த அறுபத்தேழு யானைகள் அடிமாலிவரை பஸ்ஸுக்குப் பின்னால் வரிசை தவறாமல் நடந்துவந்ததை நான் ஒருவன்தான் பார்த்தேன்.

அடிமாலியிலிருந்து ஜீப். மலைப்பாதை முழுக்கச் சேறு. மூன்று மணி வாக்கில் முகாமுக்குப் போய்ச் சேர்ந்தோம். ஓலைக்கூரைச் சமையல் கொட்டகை ஒன்று, கூடாரங்கள் சில, முப்பது பிள்ளைகள். முகாமை நடத்தியவர் தங்கம்மா டீச்சர், பாலக்காட்டுக்காரர். மழைக்கோட்டும் பூட்ஸும் போட்டு, முதுகில் சுருட்டிய ஒரு பச்சைக் கம்பளிப் பை கட்டி, எனக்குத் தெரிந்த எல்லாப் போலீஸ்காரர்களையும்விட நிமிர்ந்து நின்றார்.

சாமான் பார்க்கும் நேரம் வந்தது. மற்ற பிள்ளைகள் ஆளுக்கு ஒரு சின்னக் கயிறு காட்டினார்கள். நூரு கப்பல் கயிற்றைக் காட்டினாள். டீச்சர் அடுத்ததுக்குப் போனார். தார்ப்பாயைப் பார்த்தார், தேயிலைப் பெட்டியைத் தட்டினார், கடைசியில் மூட்டைக்கு வந்தார்.

"இது என்னம்மா?"

"படுக்குற பை, டீச்சரே. கொஞ்சம் சுக்கை எறக்கணும்."

பிள்ளைகள் சிரித்தார்கள். டீச்சர் சிரிக்கவில்லை. "மோளே, இது சணல் சாக்கு. ராத்திரி இந்த ஈரத்தைக் குடிச்சு உன் நெஞ்சில இறக்கும். போன வருஷம் ஒரு பிள்ளையைத் தோள்ல தூக்கிட்டு நான் இந்த மலை இறங்கியிருக்கேன். சட்டத்தை மாத்த மாட்டேன். காலையில மாமாவோட கிளம்பிடு."

என் வாழ்க்கையில் முதல்முறையாக எனக்கு ஒரு பொய்யும் தோன்றவில்லை. ஜீப்பில் வழியெல்லாம் நூரு பிடித்துவந்த மூட்டை வாயை அப்போதும் பிடித்துக்கொண்டே நின்றாள். பிறகு மெல்ல விட்டாள்.

"சரி டீச்சரே. நான் போறேன். ஆனா சாமான் இங்கேயே இருக்கட்டும். கொட்டகை ஒழுகுது, தார்ப்பாய் போடுங்க. கயிறு முப்பது பேருக்கும் வரும். இது எங்க பஜார் பிள்ளைங்களுக்குக் கொடுத்தது. நான்தான் பிள்ளைன்னு அவங்க சொல்லலை."

 நான் உடனே, "அது சரி, நான் இதையெல்லாம் திரும்பச் சுமக்கவும் மாட்டேன்" என்று சேர்த்தேன். யாரும் கண்டுகொள்ளவில்லை.

"ஆனா ஒரு கச்சவடம் மட்டும் பேசிப் பாக்குறேன்" என்ற நூரு, வியாபாரம் பேசும் பஜார் தரகரைப் போல, என் தோளிலிருந்த துண்டை உருவி டீச்சரின் கைமேல் போட்டு, அடியில் தன் கையை நுழைத்தாள். "எனக்கு வேண்டியது ஒரே ஒரு பை. விலையை நீங்க சொல்லுங்க. வாயால வேணாம், விரலால."

"எனக்கு இந்தக் கணக்கெல்லாம் தெரியாதுடி."

"எனக்கும் பாதிதான் தெரியும்."

முப்பது பிள்ளைகளும் நெருங்கி வந்து பார்த்தார்கள். துண்டுக்கடியில் என்ன நடந்தது என்று யாருக்கும் தெரியாது. டீச்சரின் முகத்தில் எதுவோ அசைந்தது. கையை எடுத்துக்கொண்டு, "தார்ப்பாயைக் கட்டுங்க எல்லாரும், மழை வருது" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

"என்னடி ஆச்சு?" என்றேன்.

"கச்சவடத்தை வெளிய சொல்லக்கூடாது மாமு. நீங்களே பஜார்க்காரர், தெரியாதா?"

இருட்டுவதற்குள் கொட்டகைமேல் தார்ப்பாய் ஏறியது. அப்படி ஒரு மழை! மலைக்கு மேலிருந்த மேகமெல்லாம் மொத்த வியாபாரத்தில் வந்து விழுந்தது. உள்ளே ஒரு சொட்டு இறங்கவில்லை. சுக்குக் காப்பி முப்பது பேருக்கும் தாராளம். ஜீப் டிரைவர் மட்டும் ஆறு கிளாஸ் குடித்தார்.

விடிந்ததும் ஜீப் கிளம்பத் தயாரானது. நூருவைக் கூப்பிடலாமா வேண்டாமா என்று தெரியாமல் பெண்பிள்ளைகள் கூடாரத்துக்கு வெளியே நின்றேன். ஒரு பச்சைக் கம்பளிப் பைக்குள்ளிருந்து அவள் தலையை மட்டும் வெளியே நீட்டி, "மாமு, போயிட்டு வாங்க. அத்தாகிட்ட எல்லாம் சரியாப் போச்சுன்னு சொல்லுங்க" என்றாள். முந்தின நாள் டீச்சர் முதுகில் பார்த்த அதே பை. திரும்பினேன். கொட்டகைக்குள்ளிருந்து தங்கம்மா டீச்சர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு வந்தார். சுக்கைக் கொட்டிய காலிச் சாக்கையும் தேயிலைப் பெட்டிப் பலகையையும் அடுப்போரமாகப் போட்டுப் படுத்திருக்கிறார். தலைமுடியெல்லாம் சணல் நார். ஆளே சுக்கு மணத்தார்.

"என்ன பாக்குறீங்க? அடுப்புக்குப் பக்கத்துல நல்ல சூடு. ஒன்பது நாளும் இங்கேதான். ஜீப்புக்கு நேரமாச்சு, போங்க" என்றார்.

நான் விவரம் அறிந்த நாள்முதல் ஒருவருக்கும் கும்பிடு போட்டதில்லை. அன்று போட்டேன்.

நூரு ஒன்பது நாளும் இருந்தாள். பிற்பாடு பல வருஷம் அதே மாதிரி முகாம்களில் அவளே சொல்லித் தந்தாள். மட்டாஞ்சேரியிலிருந்து ஓணத்துக்கு ஓணம் ஒன்றிரண்டு பிள்ளைகள் மலையேறின. பஜார் திருந்தவே இல்லை. ஒரு வருஷம் ஒரு பிள்ளையோடு நாற்பது கொசுவலை போனது.

இனிப் போகிறவர்களுக்கு. உதவித்தொகை என்றால் கட்டணம் மட்டுமா, சாமானும் சேர்த்தா என்று முதலிலேயே கேளுங்கள். சாமான் இல்லையென்றால் வெட்கப்படாமல் நாலு பேரிடம் சொல்லுங்கள், ஆனால் எத்தனை அடிக் கயிறு என்பதையும் சொல்லுங்கள். காலில் ஏறும் அட்டைக்கு உப்பும் புகையிலையும் ஒரு துணியில் முடிந்து கொண்டுபோங்கள். இப்போது படகும் கைவண்டியும் வேண்டாம், வைட்டிலா பஸ் நிலையத்திலேயே ஏறலாம். நேரத்தையும் காசையும் விசாரித்துக்கொள்ளுங்கள், என் கணக்கை நம்பி இறங்காதீர்கள்.

ஏனென்றால் யானைகள் வரவில்லை. தீவு நகரவில்லை. ஆறு கிளாஸ் காப்பியை ஒருவேளை நானே குடித்திருப்பேன். கண்டக்டர் காசு வாங்கினாரா இல்லையா என்பதும் சரியாக ஞாபகமில்லை. ஆனால் அந்த அம்மாள் தலையில் சணல் நார் இருந்தது. அது ஒன்று மட்டும் நிஜம்.