அக்காவின் வீட்டைத் தூக்கிய திருகுகள்

ஐப்பசி பிறந்தால் மழை வரும். மழை வந்தால் அக்கா வருவாள். கடலூர் முதுநகரில் அவள் வீட்டுக்குள் தண்ணீர் புகுந்ததும், தையல் மெஷினைக் கட்டில் மேல் ஏற்றிவிட்டு, ஒரு பையோடு சிதம்பரத்துக்குப் பஸ் ஏறிவிடுவாள். தண்ணீர் வடியும்வரை என்னோடுதான் இருப்பாள். அவளுக்கு அது தொல்லை, எனக்குத் திருவிழா. அவளும் தனி ஆள், நானும் தனி ஆள். பாயைப் போட்டுப் படுத்துக்கொண்டு பேச ஆரம்பித்தால் இரண்டு பேருக்கும் வாய் ஓயாது. மழை விட்டால் எனக்கு முகம் தொங்கிப்போகும். என்னோடேயே இருந்துவிடேன் என்று கேட்க மட்டும் எனக்கு வாய் வந்ததில்லை.

அந்த வீட்டைப் பள்ளத்தில் கட்டவில்லை. பழைய ரோட்டைச் சுரண்டாமல் அதன் மேலேயே புது ரோட்டைப் போட்டுப் போட்டு வாசலைப் பள்ளமாக்கிவிட்டார்கள். இதைப் பேசினால் இன்றைக்கும் எனக்கு ரத்தம் கொதிக்கிறது. போன வருடம் அக்காவே அலுத்துப்போய், ஒன்று வீட்டை ஜாக்கி வைத்துத் தூக்குவது, இல்லையென்றால் விற்றுவிட்டு என்னிடம் வந்துவிடுவது என்றாள். அதோடு விட்டாளா?

"நீதான காலேஜ்ல இதெல்லாம் பாடம் எடுக்குற. நீ பாத்துட்டுத் தூக்கலாம்னா தூக்குவோம். பயம்னா சொல்லிடு, மூட்டையக் கட்டிடுறேன்" என்று பாரத்தை என் தலையில் இறக்கிவிட்டாள்.

நான் மெக்கானிக்கல் மாணவர்களுக்கு இயந்திர வடிவமைப்பு நடத்துகிறவள். பளு தூக்கும் திருகும், தகடுகளை இறுக்கும் போல்ட்டும்தான் எனக்குச் சோறு போடுகின்றன. திருகு எவ்வளவு பருமன் இருக்க வேண்டும், மரைக்கு எவ்வளவு சரிவு வைக்கலாம், எந்தப் பளுவில் மரை நசுங்கும் என்று வருடா வருடம் போர்டில் போடுகிறேன். சொந்த அக்காவின் வீடு என்றதும் ஒரு தடவை போட்டது போதவில்லை. சுவரின் எடை, கூரையின் எடை, ஒவ்வொரு ஜாக்கிக்கும் வந்து சேரும் பங்கு என்று திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். வேலைக்காரர்கள் கொண்டுவந்த ஜாக்கிகளைத் துடைத்து, மரையை விரலால் தடவிப் பார்த்தேன். தேய்ந்ததாகத் தோன்றியவற்றை மாற்றச் சொன்னேன். மேஸ்திரி மறுபேச்சில்லாமல் மாற்றினார். கணக்கு சரியாக வந்தது. வீட்டைத் தாங்கும், அதற்கு மேலும் தாங்கும். எனக்கு அந்த விடை பிடிக்கவில்லை. ஆனால் கணக்கில் பொய் சொல்ல எனக்குத் தெரியாது. "தூக்கலாம்க்கா" என்றேன்.

சுவருக்கு அடியில் கொஞ்சம் கொஞ்சமாகச் செங்கல்லைப் பெயர்த்து, இரும்புச் சட்டத்தை நுழைத்து, அதன் கீழே ஜாக்கிகளை வரிசையாக நிறுத்தினார்கள். வேலை செய்தவர்கள் எல்லாரும் வடக்கத்திக்காரர்கள். மேஸ்திரி ஹிந்தியில் ஒரு குரல் கொடுப்பார். எல்லாரும் ஒரே சமயத்தில் ஜாக்கியின் கம்பியைப் பிடித்துக் கால் சுற்று சுற்றுவார்கள். வீடு துளி எழும்பும். மறுபடி குரல், மறுபடி கால் சுற்று. ஒரு பக்கம் முந்தி ஒரு பக்கம் பிந்தினால் சுவர் தாங்காது.

வீட்டுக்கு வந்தவர்களை ஒரு வாய் டீ இல்லாமல் விடுகிற பழக்கம் அக்காவுக்குக் கிடையாது. பக்கத்து வீட்டு அடுப்பில் போட்டு, டம்ளர்களைத் தட்டில் அடுக்கிக்கொண்டு வந்தாள். மேஸ்திரி குரல் கொடுத்த அதே நேரத்தில், "எல்லாரும் வாங்க, டீ ஆறிடும்!" என்று கூவினாள். அவர்களுக்குத் தமிழில் வேறு எது புரியாவிட்டாலும் டீ புரியும். தெருப்பக்கம் இருந்தவர்கள் கம்பியை விட்டுவிட்டு எழுந்தார்கள். கொல்லைப்பக்கம் இருந்தவர்கள் சுற்றிவிட்டார்கள். பட்டென்று சத்தம் கேட்டது. ஜன்னலுக்கு மேலே விரிசல் ஓடியது.

அக்கா தட்டை அப்படியே மண்ணில் வைத்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஐயோ, யாருமே புடிக்கலியேடி! அப்டியே எறங்கிடுமா?"

"யாரும் புடிக்க வேணாம்க்கா. பாரம் அழுத்துனாலும் திருகு தானா திரும்பாது. மரையில இருக்குற உராய்வே புடிச்சிக்கும்."

அவள் காதில் அது ஏறவில்லை. "வேணாம்டி. கீழ எறக்கச் சொல்லு. அப்பாவும் அம்மாவும் கட்டுன வீட்ட நானே ஒடச்சிடுவேன் போலருக்கு. வித்துட்டு உங்கூடவே வந்துடுறேன்."

எத்தனை ஐப்பசியாக நான் கேட்க ஏங்கிய பேச்சு அது! நான் சரி என்று கூடச் சொல்ல வேண்டியதில்லை. வாயை மூடிக்கொண்டு நின்றாலே போதும். நின்றேன், கொஞ்ச நேரம். அவள் என்னைப் பார்க்கவில்லை, அந்த விரிசலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் போய் விரிசலைச் சுரண்டிப் பார்த்தேன். பூச்சு மட்டும்தான் விட்டிருந்தது, செங்கல் கட்டு அப்படியே இருந்தது. மேஸ்திரியும் மட்டம் வைத்துப் பார்த்துத் தலையாட்டினார்.

"பூச்சுதான்க்கா. தெருப்பக்கம் சுத்தி சமமாக்கிட்டா சரியாயிடும். நீ டீயக் குடு. குடிச்சிட்டுத் தூக்கட்டும்" என்றேன்.

வீடு ரோட்டுக்கு மேலே எழுந்து நின்றது. புதுசாகப் படி கட்டினார்கள்.

இந்த ஐப்பசியிலும் மழை கொட்டித் தீர்த்தது. போன் போட்டேன். "ரோடு பூரா தண்ணி. உள்ள ஒரு சொட்டு இல்லடி, எல்லாம் உன் புண்ணியம்" என்றாள். அவள் குரலில் அவ்வளவு பூரிப்பு. எனக்கும் சந்தோஷம்தான். போனை வைத்துவிட்டு எனக்கு மட்டும் அரிசி களையும்போது அழுகை வந்துவிட்டது. களைந்த அரிசியை மூடி வைத்துவிட்டுக் கடலூர் பஸ்ஸைப் பிடித்தேன்.

கதவைத் திறந்தவள் தெப்பமாக நனைந்து நின்ற என்னைப் பார்த்துப் பதறிப்போனாள். "என்னடி, உன் வீட்ல தண்ணி பூந்துடுச்சா?"

"இல்லக்கா. இனிமே நீ வரமாட்டியே, அதான் நான் வந்துட்டேன்."

அக்கா துண்டை எடுத்துவந்து என் தலையைத் துவட்டினாள். வெகுநேரம் துவட்டினாள்.

"அன்னிக்கு நீ மட்டும் சரின்னு சொல்லிருந்தா வந்துருப்பேன்டி. ஆனா இந்த வீட்ட நெனச்சி தெனமும் அழுதுருப்பேன்" என்றாள்.

"தெரியும்க்கா" என்றேன்.