குளத்துக்குச் சாயம் போட்டது யார்?

போன செவ்வாய்க்கிழமை மத்தியானம் எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் குளம் சிவந்துவிட்டது.

லேசான சிவப்பு இல்லை. முகூர்த்தப் புடவை அரக்கு! கரையோரம் கெண்டை மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. நீர்க்கோழி ஒன்று தண்ணீரில் கால் வைக்கலாமா, வேண்டாமா என்று நின்றது. எனக்குக் கவலைகள் எப்போதும் வரிசைகட்டித்தான் வரும்... மீன் சாகும். அதைத் தின்ற கொக்கு சாகும். அடுத்தது? எங்கள் கிணறு குளத்திலிருந்து இருபதடி!

ஆரணியில் குளம் சிவந்தால் யாரைச் சந்தேகப்படுவோம்? எதிர்க்கரையில் பட்டு நூலுக்குச் சாயம் போடும் முனுசாமியைத்தான். நெடுநாள் சிநேகிதன்... ஆனாலும் கவுன்சிலருக்கு ஃபோன் போட்டேன்.

“குளத்துல கழிவு உடறது யாரா இருந்தாலும் சும்மா உடாதீங்க. ஃபைன் போடுங்க. பேரை போர்டுல எழுதி கரையில வையுங்க!”

“ஆளை மட்டும் காட்டுங்கண்ணே, மீதிய நான் பாத்துக்கறேன்” என்றார் அவர்.

ஃபோனை வைத்ததும் அடுத்த கவலை. பட்டறையை மூடிவிட்டால் முனுசாமி பிழைப்பு? மனசு கேட்காமல் நானே போய் விஷயத்தைச் சொல்லிவிட்டேன்.

“இன்னாப்பா நீ, பேஜார் புடிச்ச ஆளு! என் சாயமா அது?”

ஒரு பக்கெட் குளத்துத் தண்ணீரை மொண்டுவந்து பட்டறை நிழலில் வைத்தான். வெள்ளைப் பட்டு நூல்கட்டு ஒன்றை அதில் முக்கினான். அரை மணி காத்திருந்தோம். நூலை அலசி எடுத்தால்... வெள்ளை வெளேர்! பக்கெட்டில் இருந்த தண்ணீரோ — பச்சை!

“பாத்துக்கினியா? அரை மணியில கலர் மாறுற சாயத்த நான் போட்டா, தாலி கட்டறதுக்குள்ள பொண்ணு புடவை பச்சையாயிடும். எவன் என்கிட்ட நூல் குடுப்பான்?”

அவன் மகள் கவிதா கல்லூரியில் தாவரவியல் படிக்கிறாள். எட்டாவதோடு நின்ற எனக்கும் புரியும்படி சொன்னாள்: “இது சாயம் இல்ல பெரியப்பா, உசுரு. கண்ணுக்குத் தெரியாத பாசி மாதிரி. வெயில் ஏறுனா சிவப்பு போத்திக்கும். நிழல்ல பச்சையாயிடும்.”

“மீனு?”

“இது ரொம்பப் பெருகினா மீனுக்கு மூச்சு முட்டும்.”

“ஏம்மா பெருகுது?”

“சோப்புத் தண்ணி, சாக்கடைத் தண்ணி வந்துகினே இருந்தா அதுக்கு தினம் விருந்துதானே!”

முனுசாமி எதிர்க்கரையை நோக்கிக் கையை நீட்டினான். அங்கே ஒரு பைப், நுரை பொங்கப் பொங்கக் குளத்தில் கொட்டிக்கொண்டிருந்தது. அதன் மறுமுனையில், எங்கள் வீட்டுக் கொல்லையில், என் மனைவி துணி துவைத்துக்கொண்டிருந்தாள்.

அந்த நேரம் பார்த்துக் கவுன்சிலர் ஃபோன்.

“ஆள் யாருன்னு தெரிஞ்சுதாண்ணே?”

“தெரிஞ்சுதுங்க... பாவம், தங்கமான மனுஷன். நாளைக்கே பைப்பை மாத்திடறாராம் — போர்டெல்லாம் எதுக்குங்க?”